ஒரு மலைத் தேவாலய மணியை எண்களாக்குதல்: பகுதிச்சுரங்கள், விம்மல்கள், தேய்வு நேரம்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய கல் தேவாலயத்தின் மணி இந்த ஆய்வின் பொருள். வெண்கல வார்ப்பு, வாய் விட்டம் 61 செ.மீ. கிறிஸ்துமஸ் கீதங்களை இந்த மணியின் குரலிலேயே கீபோர்டில் வாசிக்க வேண்டும் என்பது பாடகர் குழுவின் விருப்பம். இருப்பது ஒரே மணி, அவர்களுக்கு வேண்டியதோ இரண்டு ஸ்தாயி. மற்ற சுரங்களை அந்த ஒன்றிலிருந்துதான் உருவாக்க வேண்டும்.

மணியோசையைப் பதிவு செய்து சாம்ப்ளரில் போட்டு மேலும் கீழும் இழுத்து வாசிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒன்றிரண்டு சுரம் தள்ளும்வரை அது ஒப்பேறும். ஒரு ஸ்தாயி மேலே போனால் 26 விநாடி நீளும் ரீங்காரம் 13 விநாடியாகச் சுருங்கிவிடும், விநாடிக்கு 2.3 முறை விம்மும் (ஏறித் தணியும்) ஓசை 4.6 முறை நடுங்கும், பதிவில் கலந்திருக்கும் காற்றின் இரைச்சலும் கூடவே மேலேறும். ஆகவே ஒலியைப் பகுதிச்சுரங்களாக, அதாவது அதற்குள் சேர்ந்து ஒலிக்கும் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எண்ணாக எழுதி, அந்த எண்களிலிருந்து மீண்டும் ஒலியாக்கும் கூட்டுத் தொகுப்பு முறையைத் தேர்ந்தோம்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று வரைந்து காட்டும் நிறமாலை மென்பொருளைத் திறந்து முகடுகளின் அதிர்வெண்களைக் குறித்துக்கொள்வது அரை மணி நேர வேலை. ஆனால் அந்தப் பட்டியல் மணி ஆகாது. ஒவ்வொரு பகுதிச்சுரமும் எவ்வளவு வேகத்தில் தேய்கிறது, எவை இரட்டையாகப் பிளந்து விம்முகின்றன என்ற இரண்டையும் அளந்தால்தான் ஸ்பீக்கரில் மணி கேட்கும். இந்த ஆய்வில் பெரும்பகுதி உழைப்பு இந்த இரண்டுக்கே போனது.

மணிக்குள் இருக்கும் சுரங்கள்

வீணைத் தந்தியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணுக்கு ஏறக்குறைய 2, 3, 4 மடங்காக வரிசையில் நிற்கும். மணியின் பகுதிச்சுரங்கள் அப்படி நிற்பதில்லை. மேற்கத்திய மணி வார்ப்பில் முதல் ஐந்துக்குப் பெயர் உண்டு: ஹம், பிரைம், டியர்ஸ், குவின்ட், நாமினல். முறையாகச் சுதி சேர்த்த மணியில் இவை 0.5, 1, 1.2, 1.5, 2 என்ற விகிதத்தில் அமையும். இந்த ஐந்தையும் கடைசலில் பிடித்துச் சேர்க்கும் பழக்கம் இங்கிலாந்துப் பட்டறைகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்திய மணிகளில் ஹம் சற்று ஏறியும் பிரைம் சற்று இறங்கியும் இருப்பது வழக்கம். நம் மணியும் அந்த வகை.

மணி அடித்ததும் காது பிடித்துக்கொள்ளும் சுரம் நிறமாலையில் முகடாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாமினலும் அதற்கு மேலுள்ள இரண்டு பகுதிச்சுரங்களும் ஏறத்தாழ 2 : 3 : 4 என்ற விகிதத்தில் இருப்பதால், அவற்றுக்குப் பொதுவான 1 என்ற இடத்தில், அதாவது நாமினலுக்கு ஒரு ஸ்தாயி கீழே, காது தானே ஒரு சுரத்தைக் கட்டிக்கொள்கிறது. இதுதான் அடிசுரம். இந்த மணியில் அது 743 ஹெர்ட்ஸ், எஃப் ஷார்ப் 5லிருந்து 7 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே. அந்த இடத்தில் நிறமாலையில் எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பது 706ல் நிற்கும் பிரைம் மட்டுமே.

பதிவு

குறைகள் பெரும்பாலும் பதிவிலேயே நுழைந்துவிடுகின்றன. பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றை எடுக்க முடியாது.

கைப்பேசியில் பேச்சுக்கென்று இருக்கும் செயலிகளில் பதிவு செய்யக் கூடாது. அவற்றின் இரைச்சல் நீக்கி, மாறாமல் நீளும் ஓசையை இரைச்சல் என்றே எண்ணி அமுக்கும், மணியின் வால், அதாவது தேய்ந்து மறையும் நீண்ட பகுதி, முழுவதும் போய்விடும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்த மணியோசையை வைத்து அதிர்வெண்ணை ஓரளவு சொல்லலாம். தேய்வு நேரத்தைச் சொல்லவே முடியாது. கையடக்க ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வைத்து, தானியங்கி கெயினையும் லிமிட்டரையும் அணைத்துவிட வேண்டும். மணியின் நாக்கு படும் கணத்தின் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை அமைத்தால் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் லோகட் போடலாம், இந்த மணியின் மிகத் தாழ்ந்த சுரமே 398ல் இருப்பதால் அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரெக்கார்டர் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இந்த மணிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சார்ஜரிலிருந்தும் டியூப்லைட் சோக்கிலிருந்தும் வரும் மின்னோசை 100, 200, 300, 400 ஹெர்ட்ஸில் படியும். ஹம் நிற்பது 398ல். 400ல் ஓர் அந்நிய ஓசை பக்கத்தில் வந்து நின்றால் அது ஹம்மோடு சேர்ந்து விம்மி, மணியில் இல்லாத ஒரு பிளவைக் காட்டும். கோபுரத்தின் டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்வதே நல்லது. குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரி சீக்கிரம் தளரும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி தாங்கும்.

நேரம் ஜனவரி, பிப்ரவரி மாத விடியற்காலை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, காற்று அடங்கி, பூச்சிகள் குளிரில் ஒடுங்கியிருக்கும் பொழுது அது. மற்ற காலங்களில் சில்வண்டின் ஓசை 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அடர்ந்து மேற்சுரங்களை மூடிவிடும். வெயில் ஏறியதும் தகரக் கூரை விரிந்து டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பிக்கும், இலை ஏற்றும் லாரிகளும் வந்துவிடும். பனியில் குளிர்ந்த மைக்கை நேராக வெதுவெதுப்பான அறைக்குள் எடுத்துப் போனால் உள்ளே நீர் படிந்து கண்டென்சர் மைக் பொரிவது போல ஒலிக்கும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் உள்ளே வைத்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும்.

விடியற்காலையில் மணி அடித்தால் ஊரில் சாவு என்று அர்த்தம். முந்தைய ஞாயிறு ஆராதனையிலேயே குருவானவர் அறிவித்துவிட வேண்டும், தேவாலயத்துக்கு வராத மற்ற வீடுகளுக்கும் சொல்லியனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுப் பதிவுக்குப் போகவே கூடாது.

இரண்டு மைக் வைத்தோம். ஒன்று மணியின் விளிம்பிலிருந்து 1 மீட்டரில், மற்றொன்று வெளியே முற்றத்தில் 12 மீட்டர் தள்ளி. ஒரு பகுதிச்சுரத்தின் அதிர்வெண்ணும் தேய்வும் மைக் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை அல்ல, எங்கிருந்து அளந்தாலும் ஒன்றுதான். பலம் அப்படியல்ல. விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சுரத்தின் அதிரும் பகுதி மைக்குக்கு நேரே இருந்தால் அது மிகையாகவும், அதிராத கோடு நேரே இருந்தால் அது இல்லாதது போலவும் பதிவாகும். கல் சுவர்களுக்கு நடுவே நிலையலைகள் வேறு. ஆகவே அதிர்வெண்ணையும் தேய்வையும் பக்கத்து மைக்கிலிருந்து எடுத்தோம், அங்கே வால் இரைச்சலுக்கு மேலே நீண்ட நேரம் நிற்கிறது. பலங்களை முற்றத்து மைக்கிலிருந்து எடுத்தோம், ஊர் கேட்பது அங்கிருந்துதான்.

கயிற்றை இழுத்து அடித்தால் நாக்கு இரண்டாம் முறை தட்டும், அந்தப் பதிவு உதவாது. நாக்கைக் கையால் விலக்கி விட்டு, பட்டுத் திரும்பும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 45 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். விம்மல்களை ஆராய்வதற்கு மணியின் விளிம்பில் 8 செ.மீ. இடைவெளியில் சாக்பீஸால் 7 கோடுகள் போட்டு, துணி சுற்றிய மரச்சுத்தியால் ஒவ்வொரு கோட்டிலும் தட்டிப் பதிவு செய்தோம். 61 செ.மீ. விட்டத்தில் 8 செ.மீ. என்பது 15 டிகிரி, 7 கோடுகளில் கால் வட்டம் முடிந்துவிடும். இரும்புச் சுத்தியை மணியருகே கொண்டுபோகவே வேண்டாம், வெண்கலம் விரிசல் விட்டால் திரும்பி வராது.

முதல் நிறமாலையும் அதன் பொய்யும்

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, நாக்கு பட்ட கணத்திலிருந்து தொடங்கும்படி வெட்டினோம். இரைச்சல் நீக்கம், நார்மலைஸ் எதையும் தொடவில்லை. நிறமாலை வரைபடத்தில் ஹான் சாளரம் (ஒருமுறைக்கு எடுத்து ஆராயும் ஒலித்துண்டு), அளவு 65536 மாதிரிகள். நாமினல், டியர்ஸ் உட்பட எட்டு முகடுகள் தெளிவாக நின்றன. அவற்றில் மிக உயரமானது 884 ஹெர்ட்ஸில் இருக்கும் டியர்ஸ். மென்பொருள் அதற்கு ஏ5 என்று பெயரிடுகிறது. இதை நம்பி கீபோர்டில் ஏ5 கட்டையில் மணியை ஏற்றினால் ஒவ்வொரு கீதமும் மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும். மணியின் சுரத்தை உயரமான முகட்டைப் பார்த்து எழுதக் கூடாது, நாமினலின் பாதி எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். தானாகச் சுதி கண்டுபிடிக்கும் டியூனர் செயலிகளும் இதே காரணத்தால் மணியில் தடுமாறும்.

பலங்களில் இருக்கும் பொய் இன்னும் பெரிது. 65536 மாதிரிகள் 48 கிலோஹெர்ட்ஸில் 1.365 விநாடி. ஹான் சாளரம் நடுப்பகுதிக்கே அதிக எடை கொடுக்கும், தொடக்கத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிடும். 26 விநாடியில் 60 டெசிபல் தேயும் ஹம் அந்த நேரத்தில் அவ்வளவாகக் குறையாது, கணக்கிட்டால் உண்மையான தொடக்க பலத்தைவிட 1.6 டெசிபல் மட்டுமே குறைவாகக் காட்டும். 1.4 விநாடியில் தேய்ந்துபோகும் 3011 ஹெர்ட்ஸ் பகுதிச்சுரத்தை அதே சாளரம் சுமார் 23 டெசிபல் குறைவாகக் காட்டும். வரைபடத்தின் எண்களை அப்படியே எடுத்து ஒலியாக்கினால் அடியின் கூர்மை முழுவதும் காணாமல் போய், ஆர்கன் கட்டையை மெதுவாக அழுத்தியது போன்ற ஓசைதான் வரும். மணியோசையைத் தொகுக்க முயல்பவர்கள் மென்பொருளைக் குறை சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாளர நீளத்துக்கும் தேய்வு நேரத்துக்கும் உள்ள பொருத்தமின்மையே காரணம்.

தேய்வை அளத்தல்

சோனிக் விஷுவலைசர் என்ற மென்பொருளில் 16384 சாளரம், 87.5 சதவீத மேற்படிவு என்று வைத்து நிறமாலை வரைபடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது பலன் தரும். மணியின் பகுதிச்சுரங்கள் ஆடாத நேர்கோடுகளாக நீளும், குருவியின் கூவல் வளையும், வண்டியின் ஓசை சரியும். எதை அளக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு பகுதிச்சுரத்தையும் தனியே எடுக்க பைதானில் ஒரு சிறு நிரல். பதிவை அந்த அதிர்வெண்ணுள்ள சைன், கொசைன் இரண்டாலும் பெருக்கி, 5 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டினால், அந்தச் சுரத்தின் வீச்சும் கட்டமும் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) மட்டும் மிஞ்சும். வீச்சை டெசிபலாக மாற்றி நேரத்துக்கு எதிரே வரைந்தால் இறங்குகோடு. ஹம் விநாடிக்கு 2.3 டெசிபல் இறங்குகிறது, டியர்ஸ் 4 டெசிபல். 60ஐ அந்தச் சரிவால் வகுத்தால் தேய்வு நேரம், அதாவது 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம். கோட்டைப் பின்னோக்கி நீட்டி, நாக்கு பட்ட கணத்தை வெட்டும் இடத்தில் படிப்பதுதான் உண்மையான தொடக்க பலம்.

வால் இரைச்சலுக்குள் மூழ்கும் இடத்தில் கோடு கிடையாகத் திரும்பும். அந்தப் பகுதியையும் சேர்த்துக் கோடு பொருத்தினால் தேய்வு நேரம் பொய்யாக நீளும். மேலிருக்கும் 30 டெசிபலை மட்டும் எடுத்துக்கொண்டு, கிடைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குவது பாதுகாப்பு. முதல் 0.1 விநாடியையும் விட்டுவிட வேண்டும், அது நாக்கின் உலோகச் சத்தம்.

கட்டத்தின் வரைபடம் அதிர்வெண்ணைத் திருத்தித் தருகிறது. எடுத்துக்கொண்ட அதிர்வெண்ணில் 0.1 ஹெர்ட்ஸ் பிசகு இருந்தால் கட்டம் விநாடிக்கு 36 டிகிரி நகர்ந்துகொண்டே போகும். அந்த நகர்வு நின்றுவிடும்வரை எண்ணைத் திருத்தினால், நிறமாலை வரைபடத்தின் 0.73 ஹெர்ட்ஸ் படியைவிடப் பல மடங்கு நுட்பமான மதிப்பு கையில் இருக்கும்.

இரட்டைகள்

முற்றிலும் உருண்டையான மணி என்று எதுவும் இல்லை. வார்ப்பில் ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெல்லியதாக, எழுத்துப் பொறித்த இடத்தில் கூடுதலாக இருக்கும். இதனால் ஒவ்வொரு பகுதிச்சுரமும் மிக அருகருகே உள்ள இரண்டாகப் பிளந்து, அவை விம்முகின்றன. 'ஓம்…ஓம்…' என்று மணி மூச்சுவிடுவது போலத் தோன்றுவது இதனால்தான். விம்மலே இல்லாத தொகுப்பு மணியை மின்சார அழைப்புமணி என்றே காது எடுத்துக்கொள்கிறது.

ஹம்மின் இரட்டைகள் 398.2, 398.9. இடைவெளி 0.7 ஹெர்ட்ஸ், விம்மல் 1.43 விநாடிக்கு ஒன்று. 65536 சாளரத்தில் இவை ஒரே முகடு, ஹான் சாளரத்தில் ஒரு முகட்டின் அரை அகலமே 1.46 ஹெர்ட்ஸ். 524288 மாதிரிகள், அதாவது 10.9 விநாடி எடுத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். நாமினலுக்கு இந்த வழி அவ்வளவு உதவாது. அது 6 விநாடியில் தேய்ந்துவிடுவதால் நீண்ட சாளரத்தின் பின்பாதியில் வெறும் இரைச்சல்தான் இருக்கும்.

அதைவிட எளிய வழி, முன்சொன்ன வீச்சு வரைபடத்திலேயே விம்மலைப் படிப்பது. மேடுகளுக்கு இடையே உள்ள நேரத்தின் தலைகீழே பிளவு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டின் பல விகிதத்தைத் தரும். மேட்டில் இரண்டும் கூடுகின்றன, பள்ளத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கழிகிறது. ஹம்மில் வித்தியாசம் 8 டெசிபல், அதாவது 2.51 மடங்கு. (2.51 − 1) ÷ (2.51 + 1) = 0.43. ஆகச் சிறிய இரட்டை பெரியதைவிட 7.3 டெசிபல் குறைவு. விம்மும் சுரத்தின் தேய்வை மேட்டிலிருந்து மேட்டுக்குக் கோடு போட்டு அளக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போட்டால் சரிவு பொய்யாகச் செங்குத்தாகும்.

சாக்பீஸ் கோடுகள் இங்கே பயன்பட்டன. ஹம்மும் பிரைமும் விளிம்பில் நான்கு அதிராத இடங்களைக் கொண்டவை, அவற்றின் இரட்டைகள் ஒன்றுக்கொன்று 45 டிகிரி திரும்பியவை. டியர்ஸுக்கு ஆறு இடங்கள், திருப்பம் 30 டிகிரி. நாமினலுக்கு எட்டு, 22.5 டிகிரி. ஓர் இரட்டையின் அதிராத இடத்தில் தட்டினால் மற்றது மட்டும் ஒலிக்கும், விம்மல் அடங்கிவிடும். டியர்ஸின் விம்மல் இரண்டு கோடு தள்ளித் தள்ளி அடங்குவது 15 டிகிரிக் கோடுகளில் தெளிவாகவே தெரியும். விம்மல் அடங்கும் இடத்தில் எடுத்த பதிவிலிருந்து ஒவ்வோர் இரட்டையின் அதிர்வெண்ணையும் கலப்பில்லாமல் அளந்துகொள்ளலாம். இரட்டைகளின் பல விகிதத்தை மட்டும் நாக்கு வழக்கமாகப் படும் இடத்தின் பதிவிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஸ்பியர் என்ற மென்பொருள் பகுதிச்சுரங்களைத் தானாகவே பின்தொடர்ந்து கோடுகளாக்கும், எழுத்துக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்யும். அதன் அதிர்வெண் பிரிதிறனைச் சில ஹெர்ட்ஸில் வைத்தால் இரட்டைகள் ஒரே கோடாகி, விம்மல் அந்தக் கோட்டின் பல ஏற்றத்தாழ்வாகப் பதியும். ஒரே சுரத்தை அப்படியே திருப்பி ஒலிக்க அது போதும். இரட்டைகளைத் தனித்தனியே ஆள விரும்பினால் போதாது.

கிடைத்த எண்கள், முற்றத்து மைக்கின் பலங்களோடு:

ஹம்: 398.2 / 398.9 ஹெர்ட்ஸ், தேய்வு 26 விநாடி, −14 டெசிபல்
பிரைம்: 706.0 / 707.4, 9 விநாடி, −12
டியர்ஸ்: 884.3 / 886.6, 15 விநாடி, −2
குவின்ட்: 1131, 4 விநாடி, −16
நாமினல்: 1486.0 / 1487.8, 6 விநாடி, 0
அதற்கு மேல்: 2213, 2.5 விநாடி, −3
3011, 1.4 விநாடி, −7
3890, 0.9 விநாடி, −12

அளக்க மணி கிடைக்காதவர்களுக்கு, பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான்-குளோட் ரிஸே 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொகுத்த மணிச் செய்முறை இன்றும் நல்ல தொடக்கம். அதில் 11 ஒலியூட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் அதிர்வெண்ணை மட்டும் ஒலிப்பது. மிகத் தாழ்ந்த இரண்டு சுரங்கள் 0.56, 0.92 என்ற விகிதங்களில் தொடங்கி, முறையே 1 ஹெர்ட்ஸ், 1.7 ஹெர்ட்ஸ் பிளவோடு இரட்டையாகவே வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித் தேய்வு நேரம், அதிர்வெண் ஏற ஏறக் குறைந்து, மிக உயர்ந்த சுரம் மிகத் தாழ்ந்ததன் 0.075 பங்கு நேரமே ஒலிக்கும். விம்மலும் தனித்தனித் தேய்வும் அந்தச் செய்முறையிலேயே இருக்கின்றன.

மீண்டும் ஒலியாக்குதல்

ப்யூர் டேட்டா என்ற ஒலி நிரலாக்க மென்பொருளில் ஒரு சுரத்துக்கு 12 ஒலியூட்டிகள். நான்கு இரட்டைகளுக்கு எட்டு, மீதி நான்குக்கு ஒவ்வொன்று. தேய்வை டெசிபலில் நேர்கோடாக இறக்கி, பிறகு வீச்சாக மாற்ற வேண்டும். ப்யூர் டேட்டாவின் கணக்கில் 100 டெசிபல் என்பது முழு வீச்சு, 0 என்பது அமைதி. ஆகவே நாமினல் 100இல் தொடங்கி 0க்கு இறங்க எடுக்கும் நேரம் 6 × 100 ÷ 60 = 10 விநாடி. எல்லாச் சுரங்களும் கூடும்போது உச்சம் தாண்டாமலிருக்க வெளியீட்டை 20 டெசிபல் குறைத்து வைப்பது நல்லது.

ஒலியூட்டிகளைத் தம் போக்கில் ஓடவிட்டால் ஒவ்வொரு முறை கட்டையை அழுத்தும்போதும் இரட்டைகளின் கட்டம் வெவ்வேறாக இருக்கும். சில சுரங்கள் விம்மலின் பள்ளத்தில் தொடங்கி, அடியே விழாதது போல ஒலிக்கும். உண்மை மணியில் ஒரே அடி இரண்டையும் ஒரே கணத்தில் கிளப்புவதால் அடிபட்ட இடத்தில் தொடக்கம் எப்போதும் மேடுதான். கட்டையை அழுத்தியதும் எல்லா ஒலியூட்டிகளின் வலப்பக்க உள்ளீட்டுக்கும் 0.75 அனுப்பிவிட்டால், கொசைன் ஒலியூட்டி பூச்சியத்திலிருந்து மேலேறத் தொடங்கும், கிளிக் சத்தமும் வராது.

நாக்கின் உலோகச் சத்தத்துக்கு 2.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை வடிகட்டிய இரைச்சலை 15 மில்லிவிநாடி சேர்த்தோம். இதன் பலத்தை அதிகம் ஏற்றினால் தட்டுமுட்டுப் பாத்திரம் விழுந்தது போலாகிவிடும், நாமினலுக்கு 10 டெசிபல் கீழே இருந்தால் போதும்.

ரீங்காரம் நீண்டது என்பதால் வேகமான கீதத்தில் குரல்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள்) தீர்ந்துபோகும். 6 குரல் போதவில்லை. 10 குரல், 120 ஒலியூட்டிகள் என்று வைத்தால் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி சிரமமின்றி ஓட்டும். பழைய குரலைப் பறிக்கும்போது 20 மில்லிவிநாடியில் இறக்கிவிட வேண்டும்.

சுரத்தை மாற்றும்போது அதிர்வெண்கள் விகிதப்படி மாறும், ஆனால் பிளவுகளை ஹெர்ட்ஸ் அளவிலேயே மாற்றாமல் வைத்தோம். மேல் ஸ்தாயியில் டியர்ஸ் 4.6 முறை நடுங்குவதைவிட 2.3 முறை விம்முவதே காதுக்கு இதமாக இருக்கிறது. தேய்வு நேரத்தை விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தோம், ஒரு ஸ்தாயி ஏறினால் 26 விநாடி 18 ஆகும். அளவில் பாதியான உண்மை மணியில் அது இன்னும் அதிகமாகவே குறையும். கீதத்துக்கு இந்த நீளம் பொருந்துகிறது என்பதால் இதை வைத்துக்கொண்டோம்.

விகிதங்களைத் திருத்திவிடலாமே என்ற யோசனையும் வந்தது. ஹம் 0.536ல் இருக்கிறது, 0.5க்கு இறக்கினால் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) துப்புரவாகும். ஆனால் அப்படித் திருத்தினால் கிடைப்பது எந்த ஊருக்கும் பொதுவான ஒரு மணி. இந்தச் சரிவில் இருப்பவர்கள் காலங்காலமாகக் கேட்டு வந்தது ஏறிய ஹம்மும் இறங்கிய பிரைமும் சேர்ந்த இந்தக் குரலைத்தான், அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு அளவெடுப்பும். ஆகவே விகிதங்களைத் தொடவில்லை. மூன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது மட்டும் ஹம் 8 டெசிபல் தாழும்படி வைத்தோம். கார்டுகளில் கலங்கல் அதோடு குறைந்தது.

ஸ்பீக்கருக்குப் பெரிய உறை தேவையில்லை, ஆழ்ந்த தாழ்சுரம் எதுவும் இல்லாததால் 6 அங்குல ஸ்பீக்கர் தாராளம். திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியை மட்டும் தவிர்க்க வேண்டும். அது 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளதைத் தூக்கி, ஹம்மை விழுங்கி, மணியைத் தகரமாக்கிவிடும்.

குளிரும் உயரமும்

வெண்கலம் சூடேறினால் மணியின் சுதி சற்று இறங்கும், 10 டிகிரி வித்தியாசத்துக்குச் சில சென்ட் அளவே. விடியலில் அளந்ததை நண்பகலுக்கும் வைத்துக்கொள்ளலாம். குழலும் நாகசுரமும் அப்படியல்ல. ஒலியின் வேகம் 10 டிகிரியில் விநாடிக்கு சுமார் 337 மீட்டர், 22 டிகிரியில் சுமார் 345. அதனால் மட்டும் சுதி சுமார் 36 சென்ட் ஏறும். இதே மலையில் வாழும் கோத்தர் பழங்குடியினரின் கொள் போன்ற ஊதுகருவியை அளப்பவர்கள் ஒவ்வொரு பதிவிலும் வெப்பநிலையைக் குறிக்காவிட்டால் எண்களுக்கு மதிப்பே இல்லை. ஊதுகருவியின் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகள். அங்கே தேய்வு பெரிய விஷயமல்ல, ஊதும் அழுத்தத்தோடு பலங்கள் எப்படி மாறுகின்றன என்பதே அளக்க வேண்டியது. சடங்குக்குரிய இசை என்றால் அந்த மக்களின் சம்மதம் முதலில்.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மணி காற்றுக்கு இழக்கும் ஆற்றலும் அந்த அளவுக்குக் குறைவதால் ரீங்காரம் சற்று நீளும். சமவெளியில் அளந்த மணியின் தேய்வு நேரங்களை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

மணியைத் திருப்பினால்

நாக்கு ஒரே இடத்தில் பட்டுப் பட்டு விளிம்பு தேய்வதால், மணியைக் கால் வட்டம் திருப்பித் தொங்கவிடுவது மணிப் பராமரிப்பில் வழக்கம். இந்த மணிக்கும் அது தேவைப்படும். அதிர்வெண்களும் தேய்வு நேரங்களும் அதனால் மாறா. அடிபடும் இடம் மாறுவதால் இரட்டைகளின் பலங்கள் மாறும். எல்லாம் ஒன்றுபோல் மாறுவதில்லை. ஹம், பிரைம், நாமினல் ஆகியவற்றின் அமைப்பு 90 டிகிரியில் தன்மேல் தானே பொருந்துவதால் அவற்றின் விம்மல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். டியர்ஸும் குவின்ட்டும் 60 டிகிரிக்கு ஒருமுறை திரும்பி வருபவை, 90 டிகிரியில் பெரிய இரட்டையும் சிறிய இரட்டையும் இடம் மாறும். அன்றைக்குக் கோப்பில் டியர்ஸின் இரண்டு பலங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிட்டு, முற்றத்து மைக்கில் ஐந்தாறு அடிகளைப் பதிவு செய்து விம்மலின் ஆழத்தைச் சரிபார்த்தால் போதும். அதற்காகவே மூல வேவ் கோப்புகளோடு, வெப்பநிலை, மைக் இருந்த இடம், சாக்பீஸ் கோடுகளின் எண், நாக்கு பட்ட இடம் எந்தக் கோட்டுக்கு நேர் என்ற குறிப்பு எல்லாம் ஒரே உறையில் தேவாலயப் பதிவேட்டோடு வைக்கப்பட்டிருக்கின்றன.